காற்று எங்கே நுழைகிறது

ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. எஞ்சின் சுற்றைக் காட்ட வெளியே மாட்டிய மீட்டரில் முள் ஆயிரத்தைத் தொட்டு, யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளியதுபோல இரண்டாயிரத்துக்குப் போய், அங்கே நிற்க மனமில்லாமல் சரிந்து, அவ்வளவுதான் அணைந்துவிட்டது என்று நெஞ்சு பதைக்கிற நொடியில் திரும்பவும் எழும்புகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. கோயமுத்தூர் கணபதியில், வீட்டுக்குப் பக்கவாட்டில் தகரம் வேய்ந்த ஷெட்டில், அந்தச் சிவப்பு ஜப்பான் காரின் திறந்த பானெட்டுக்குள் தலையை நுழைத்தபடி திருமூர்த்தி நின்றிருந்தார். காலால் ஆக்ஸிலரேட்டரை யாரும் மிதிக்கவில்லை. சும்மா ஓடுகிற எஞ்சின் ஒரே சீராக ஓட வேண்டும், தூங்குகிறவன் மூச்சு மாதிரி. இதுவோ ஊஞ்சலாடுகிறது. எட்டு நாளாக ஆடுகிறது. எங்கேயோ காற்று நுழைகிறது. எஞ்சின் உள்ளே இழுக்கிற காற்றுக்கு ஒரே ஒரு வாசல்தான், அந்த வாசலில் கணக்குப் பார்த்துத்தான் பெட்ரோல் விடும். சுவரில் எங்காவது ஓட்டை விழுந்து திருட்டுக் காற்று புகுந்தால் கணக்கு தப்பும், ஏறும், இறங்கும். இது தெரியாதவரா அவர்? முப்பத்தொரு வருஷமாகப் பம்ப்செட் கம்பெனியில் டெஸ்டிங் செக்‌ஷன். தண்ணீர் ஏறாத மோட்டாரைக் கொண்டுவந்து போடுகிற விவசாயியிடம், மோட்டாரைத் திட்டாதீங்க, உறிஞ்சுற பைப்பில எங்கியோ காத்து எடுக்குது, போய் ஜாயிண்டைப் பாருங்க என்று எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். சொல்வது சுலபம். பைப்பு என்றால் ஒன்று. இங்கே எஞ்சினைச் சுற்றிப் பதினேழு ரப்பர் டியூப்புகள், ஒன்றின்மேல் ஒன்று, ஒன்றின் அடியில் ஒன்று, சாரைப்பாம்புக் குட்டிகள் போல. எல்லாவற்றின்மேலும் கிளீனர் ஸ்பிரே அடித்துப் பார்த்தாயிற்று. ஓட்டை இருக்கிற இடத்தில் அடித்தால் அதையும் சேர்த்து உறிஞ்சி எஞ்சின் சத்தம் மாறும். மாறவில்லை. மூன்று தடவை மாறவில்லை. ஷெட் முழுக்க அந்த நெடி. மூக்கு எரிகிறது. அந்த நெடியோடு வீட்டிலிருந்து வருகிற காப்பி வாசனையும் சேர்ந்தது. மனைவி சாந்தாமணி எழுந்துவிட்டார், குளித்துவிட்டார், புடவை மாற்றிக்கொண்டிருப்பார், பத்து மணிக்குள் கிளம்பினால்தான் ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்குக் குன்னூர் போய்ச் சேரலாம்.

சாப்பாடு. கல்யாணமாகிப் பத்து வாரமாகிறது. ஐம்பத்து நாலு வயதில் முதல் கல்யாணம். சாந்தாமணிக்கு இரண்டாவது. மருதமலையில், தை மாசம், பதினொரு பேர் முன்னால். பன்னிரண்டாவதாக வரவேண்டிய ஆள் வரவில்லை. சுகிர்தா, சாந்தாமணியின் ஒரே மகள், குன்னூரில் பள்ளிக்கூட டீச்சர், இருபத்தாறு வயது. அப்பா தவறிப்போனபோது அந்தப் பெண்ணுக்குப் பன்னிரண்டு. வரமாட்டேன் என்று சண்டை போடவில்லை, அழவில்லை, பரீட்சைப் பேப்பர் திருத்தணும் என்று சொன்னாள். தை மாசத்தில் என்ன பரீட்சை என்று யாரும் கேட்கவில்லை. அதன் பிறகு அம்மாவிடம் வாரம் ஒரு தடவை பேசுவாள், அவரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. போன வியாழக்கிழமை பேசும்போது திடீரென்று, ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வாங்க, ரெண்டு பேரும், என்றாளாம். ரெண்டு பேரும். சாந்தாமணி அதை வந்து சொன்னபோது குரலை அடக்கிக்கொண்டு, மார்க்கெட்டில் தக்காளி விலை சொல்வது மாதிரிதான் சொன்னார், கை மட்டும் முந்தானையைச் சுருட்டிக்கொண்டே இருந்தது. அப்புறம்தான் மீதியைச் சொன்னார். அந்த ஓடாத கார்லயா வர்றீங்கன்னு கேட்டாளுங்க. நான், ஆமா, அதுலதான் வர்றோம்னு சொல்லிப்போட்டேன். சொல்லிப்போட்டேன்! அந்த ஒரு சொல்லில் திருமூர்த்திக்குத் தலைகால் புரியாத சந்தோஷம், அதே நேரத்தில் பயம். ஓடாத கார் வைத்திருக்கிற ஆள். அந்தப் பெண் மனசில் தனக்கு இருக்கிற பெயர் அதுதான். தப்பில்லை. கொச்சியில் ஒருவர் ஜப்பானிலிருந்து திரும்பும்போது கொண்டுவந்து, ஓட்டி அலுத்து, மழையில் விட்டிருந்ததை வாங்கிவந்து ஆறு வருஷமாகிறது. தெருவைத் தாண்டிப் போனது எத்தனை தடவை? விரலை மடக்கினால் ஒரு கைக்குள் அடங்கும். பஸ்ஸில் போகலாம். மேட்டுப்பாளையம் பஸ் பத்து நிமிஷத்துக்கு ஒன்று. அங்கிருந்து குன்னூர் பஸ். யாரும் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பஸ்ஸில் போய் இறங்கி, வண்டி கொஞ்சம் மக்கர் பண்ணுச்சும்மா என்று அசடு வழிவது. அந்தப் பெண் ஒன்றும் சொல்லமாட்டாள். ஒன்றும் சொல்லாமல் இலை போடுவாள். அதுதான்.

ஏறுகிறது, இறங்குகிறது. சரி, இன்னொரு தடவை ஸ்பிரே அடிப்போம். அடித்தார். மாறவில்லை. பெரிய குழாயின் கிளிப்பை இறுக்கினார், நேற்றே இறுக்கியதுதான், அதற்குமேல் இறுக இடமில்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினார். அதில் ஒரு தூசி இல்லை. வயரை ஆட்டினார். துடைத்ததையே துடைத்தார். கை ஓடிக்கொண்டே இருந்தது. கை ஓடும்வரை மனசு அந்தப் பக்கம் போகாது. எந்தப் பக்கம்? போகாத பக்கம். இந்த எஞ்சினில் பிஸ்டன் கிடையாது. மேலும் கீழுமாக இடிக்கிற வேலையே இல்லை. முக்கோணமாக ஒரு இரும்பு, பக்கங்கள் கொஞ்சம் உப்பினாற்போல, ஒரு கூட்டுக்குள் உருண்டுகொண்டே இருக்கும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அதன் மூன்று மூலையிலும் விரல் நீளத்துக்கு ஒரு சின்னச் சீல், சுவரை விடாமல் வழித்துக்கொண்டே போகும். அதில்தான் உயிர். அந்தச் சீல் ஒன்று தேய்ந்தாலோ உடைந்தாலோ அழுத்தம் போயிற்று, எஞ்சின் போயிற்று. கோயமுத்தூரில் கிடைக்காத பாகம் இல்லை என்பார்கள், இது கிடைக்காது. அப்போதும் இப்படித்தான் ஆடும், ஏறும், இறங்கும், கடைசியில் ஒருநாள் நின்றேபோகும். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். பிளக்கைக் கழற்றி, பெட்ரோல் வராமல் பண்ணி, சாவியைத் திருப்பி, அந்த ஓட்டையில் கையை வைத்தால் காற்று புஸ் புஸ் என்று அடிக்கும். சுற்றுக்கு மூன்று. மூன்றும் ஒரே மாதிரி அடித்தால் பிழைத்தது. ஒன்று குறைந்தால், அவ்வளவுதான். பத்து நிமிஷ வேலை. எட்டு நாளில் அந்தப் பத்து நிமிஷம் கிடைக்கவில்லை அவருக்கு. கிளிப்பை இறுக்கக் கிடைத்தது, துடைத்ததைத் துடைக்கக் கிடைத்தது.

"ஏனுங்க, காப்பி ரெண்டாவது தடவை ஆறிப்போச்சுங்க." சாந்தாமணி ஷெட் வாசலில் நின்றிருந்தார். மயில் கழுத்து நிறத்தில் புடவை, தலையில் துண்டு இன்னும் அவிழ்க்கவில்லை. திருமூர்த்தி சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். திடீர் அமைதியில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் பெரிதாகக் கேட்டது. "இன்னும் ஆகலீங்களா?" "ஆயிருமுங்க, ஒரு சின்னப் பிரச்சினைதான்" என்றார் அவர், சின்ன என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்தி. இரண்டு பேரும் இன்னும் வாங்க போங்க என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். நீ என்று கூப்பிட அவருக்கும் ஆசைதான், நாக்கு வரை வரும், பல்லில் தடுக்கும். காப்பியை வாங்கிக்கொண்டார். சாந்தாமணி பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார், நோயாளியின் சார்ட்டைப் பார்க்கிற மாதிரி. முப்பது வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் சிஸ்டர். திருமூர்த்தி அவரை முதலில் பார்த்ததே அங்கேதானே. கிட்னி கல் எடுத்துவிட்டு மயக்கம் தெளிகிற நேரத்தில் ஒரு மணி நேரம் விடாமல் இந்த எஞ்சினைப் பற்றியே திருமூர்த்தி உளறினாராம். மற்ற சிஸ்டர்கள் சிரித்திருக்கிறார்கள். மறுநாள் காலை டிரிப் பாட்டில் மாற்ற வந்த சாந்தாமணி, ஊசியைச் சரிபண்ணியபடியே, ஏனுங்க, அந்த மூணு மூலையும் சுவத்தை ஒட்டிட்டேதான் சுத்துங்களா, நடுவுல விட்டுப்போகாதா என்று கேட்டார். அத்தனை வருஷத்தில் ஒரு மனிதர்கூட அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கார் என்ன மைலேஜ் தரும் என்பார்கள், எப்போ விற்பீங்க என்பார்கள். நடுவுல விட்டுப்போகாதா! அந்தக் கட்டிலில் கிடந்தபடியே, எழுந்து உட்கார முடியாமல், இந்த அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அவர் முடிவெடுத்துவிட்டார். சொல்ல எட்டு மாசம் ஆயிற்று.

"என்னென்ன பாத்தீங்க?" என்று கேட்டார் சாந்தாமணி. அவர் வரிசையாகச் சொன்னார். ஸ்பிரே, கிளிப், ஃபில்டர், வயர். "அப்ப அந்த மூலைங்க?" திருமூர்த்தி காப்பியைப் பார்த்தார். "அது... அது நல்லாத்தான் இருக்கோணும்." "பாத்தீங்களா?" "பாக்கலீங்க." சாந்தாமணி தலைத்துண்டை அவிழ்த்து முடியை உதறினார். ஈரம் திருமூர்த்தியின் கையில் தெறித்தது. "எங்ககிட்ட வருவாங்க இப்படி. ரத்தம் குடுப்பாங்க, ஸ்கேன் எடுப்பாங்க, எக்ஸ்ரே எடுப்பாங்க, சதைய எடுத்துப் பாக்கோணும்னா மட்டும் அடுத்த வாரம் வர்றேம்பாங்க. வரவே மாட்டாங்க. பாதிப்பேருக்கு ஒண்ணுமே இருந்திருக்காதுங்க." "மீதிப்பேருக்கு?" "மீதிப்பேரும் வந்திருந்தா நல்லாருக்கும்" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. பாவம் என்றும் சொல்லவில்லை. "வாங்க. நான் என்ன செய்யோணும்?"

பிளக் சூடாக இருந்தது. துணியைச் சுற்றித்தான் கழற்ற முடிந்தது. பெட்ரோல் வராமல் இருக்க ஃபியூஸைப் பிடுங்கினார். சாந்தாமணி புடவையை ஒதுக்கிக்கொண்டு அந்தத் தாழ்ந்த சீட்டில் இறங்கி உட்கார்ந்தார், தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்குவது போல. "நான் சொன்னா சாவியைத் திருப்பி அப்படியே பிடிச்சுக்கோணுமுங்க." "சரிங்க." திருமூர்த்தி உள்ளங்கையை அந்தச் சின்ன ஓட்டைக்கு முன்னால் கொண்டுபோனார். சொல்ல வேண்டும். திருப்புங்க என்று சொல்ல வேண்டும். ஒரு சொல். பம்ப் டெஸ்டிங்கில் ஸ்விட்சைப் போடுமுன் ஒரு நாளும் யோசித்ததில்லை. ஏனென்றால் அது யாரோ ஒருவருடைய பம்ப். இதில் மூன்று இல்லையென்றால் என்ன? கார் போகும், அவ்வளவுதானே, இரும்புதானே. அது மட்டுமா? ஆறு வருஷமாக இந்த ஷெட்டுக்குள் வந்து நின்றால் தான் யார் என்ற கேள்வி வராது. தங்கைகள் மூன்று பேருக்கும் முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது நாற்பத்தெட்டு வயது, வீடு காலி, அன்றைக்கு இது வந்தது. இதைச் சரிசெய்துகொண்டிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தால் ஒருத்தன் முடிந்துபோகவில்லை. அதனால்தானா? அதனால்தான் சரியே ஆகவில்லையா? அடடா, அப்படியும் இருக்குமோ, வேண்டுமென்றே... "சொல்லுங்க" என்று உள்ளேயிருந்து குரல். இப்போது வீடு காலி இல்லையே. அது திடீரென்று நினைவுக்கு வந்தது, சாவி தொலைந்துவிட்டது என்று வீடெல்லாம் தேடிவிட்டு இடுப்பில் தொட்டுப் பார்க்கிறவனுக்கு வருவது போல. வீடு காலி இல்லை. உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்து சாவியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மூன்றோ இரண்டோ, அது அங்கேதான் உட்கார்ந்திருக்கும். "திருப்புங்க!" என்றார், தேவைக்குமேல் சத்தமாக.

எஞ்சின் உருண்டது. உள்ளங்கையில் காற்று அடித்தது. புஸ், புஸ், புஸ். கண்ணை மூடிக்கொண்டார். புஸ், புஸ், புஸ். ஒன்றுக்கொன்று தம்பி அண்ணன் வித்தியாசம் கூட இல்லை. கன்றுக்குட்டி கையை முட்டுவது போலக் கதகதப்பாக, கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கோடு. "போதுங்களா?" "போதாதுங்க, இன்னுங் கொஞ்சம்" என்றார். போதும்தான். ஆனாலும் கேட்டார். பின்பக்கத்து முக்கோணத்துக்கும் பிளக்கை மாற்றிக் கழற்றிப் பார்த்தார்கள். அங்கேயும் மூன்று. அவர் நிமிர்ந்தபோது கண்ணில் நீர். கிளீனர் நெடி என்று சொல்லிக்கொண்டார். யாரும் கேட்கவில்லை. சாந்தாமணி கதவுக்கு வெளியே தலையை நீட்டி, "மூணுங்களா?" என்றார். "மூணும் மூணும் ஆறு!" என்றார் திருமூர்த்தி. சின்ன வயதில் வாய்ப்பாடு ஒப்பித்தபோதுகூட அவ்வளவு பெருமை இருந்ததில்லை.

எஞ்சின் நல்ல எஞ்சின். அப்படியென்றால் காற்றுத்தான். வெறும் காற்று! எட்டு நாளாக மிரட்டிய அந்தச் சொல் இப்போது எவ்வளவு செல்லமாக இருக்கிறது. மணி எட்டரை. பிளக்கை மாட்டி, ஃபியூஸைப் போட்டு ஓடவிட்டால், ஏறுகிறது, இறங்குகிறது, ஆனால் அந்த ஆட்டத்தில் இப்போது ஒரு குறும்புதான் தெரிகிறது, கண்டுபிடி பார்ப்போம் என்கிற குறும்பு. "தியேட்டர்ல ரத்தத்தை உறிஞ்சற சக்‌ஷன் இழுக்கலைன்னா நாங்க என்ன செய்வோம் தெரியுங்களா?" என்றார் சாந்தாமணி, சத்தத்துக்கு மேலே கத்தி. "டியூப்பை வெளியில இருந்து பாக்கமாட்டோம். மெஷின்பக்கம் இருந்து ஒவ்வொரு இடமா கிள்ளிக்கிட்டே வருவோம். எந்த இடத்துல கிள்ளுனா இழுக்குதோ, அதுக்கு அந்தாண்டதான் கோளாறு." திருமூர்த்தி அவரைப் பார்த்தார். கிள்ளுவது. ஸ்பிரே அடித்தால் ரப்பருக்கு வெளியே இருக்கிற ஓட்டைதான் அகப்படும். ரப்பர் முழுசாக இருந்து, அந்த டியூப் போய்ச் சேருகிற இடத்தில் கோளாறு என்றால்? பம்ப்செட்டில் கிணற்றுக்குள் பைப்பின் அடியில் இருக்கிற ஃபுட்வால்வு போனால் பைப்பைத் தடவி என்ன பயன்? முப்பத்தொரு வருஷ சர்வீஸ்! நெற்றியில் அடித்துக்கொண்டார், கிரீஸ் ஒட்டியது. சாந்தாமணி அதற்குள் வீட்டுக்குள் போய் ஒரு ஃபோர்செப்ஸோடு வந்தார், கத்திரிக்கோல் மாதிரி, நுனியில் வெட்டாமல் கவ்விப் பிடிப்பது. "ஆஸ்பத்திரியிதுங்களா?" "ரிட்டயர் ஆனப்ப குடுத்தாங்க. பாவாடைக்கு நாடா கோக்கறது இதுலதான்." நுனியில் துணியைச் சுற்றினார், ரப்பர் காயப்படக் கூடாதாம். திருமூர்த்தி டியூப்பைக் காட்ட, சாந்தாமணி கிள்ளினார். முதலாவது, ஒன்றுமில்லை. இரண்டாவது, மூன்றாவது. மயில் கழுத்துப் புடவையின் ஓரம் பம்பரில் உரசியது, அவர் கவனிக்கவில்லை. ஐந்தாவது கிள்ளியபோது எஞ்சின் கனைத்தது, இரண்டு பேரும் மூச்சைப் பிடித்தார்கள், அது சும்மா. ஒன்பதாவது, அடியில், சுண்டுவிரல் கனத்தில், பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கிற டப்பாவுக்குப் போகிற, கோடியில் ஒரு வால்வு வைத்த டியூப். புத்தம்புதிதாக இருக்கிறது என்று திருமூர்த்தி தினமும் தாண்டிப்போனது. ஃபோர்செப்ஸ் கவ்வியது. க்ளிக்.

நின்றது. ஆட்டம் நின்றது. எஞ்சின் நிற்கவில்லை. முள் தொள்ளாயிரத்தில் ஆணி அடித்தாற்போல. ஒரே சீராக, இடிக்காமல், குலுங்காமல், சேலம் மாம்பழ சீசனில் பழக்கடையில் மொய்க்குமே ஈ, அந்த ரீங்காரம். சாந்தாமணி ஃபோர்செப்ஸை எடுத்தார். ஆடியது. கவ்வினார். நின்றது. எடுத்தார், கவ்வினார். பிறகு இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். எதற்கென்று இல்லை, எடுக்கிறதும் கவ்வுகிறதுமாக, சின்னப் பிள்ளைகள் கரண்ட் ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைப்பது மாதிரி. "பாரு சாந்தா, பாரு, அந்த வால்வு மூடவே இல்ல பாரு!" என்று கத்தினார் திருமூர்த்தி. கத்திய பிறகுதான் காதில் விழுந்தது என்ன சொன்னோம் என்று. சாந்தாமணி நிமிர்ந்தார். முகத்தில் கிரீஸ் ஒரு கோடு. "பாத்துட்டுத்தானுங்க இருக்கேன்" என்றார், அந்த ங்க-வை வேண்டுமென்றே நீட்டி, கண்ணில் சிரிப்போடு.

டியூப்பைக் கழற்றி, எஞ்சின் பக்கத்து வாயை ஒரு ரப்பர் மூடியால் அடைத்துக் கிளிப் போட்டார். வால்வைப் பிறகு பார்க்கலாம். இன்றைக்கு ஒரு நாளுக்கு அது தாங்கும். பிரேக்கை மூன்று தடவை மிதித்துப் பார்த்தார், ரேடியேட்டரைப் பார்த்தார். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, ஒன்பதரைக்குக் கிளம்பினார்கள். மேட்டுப்பாளையம் ரோட்டில் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்து எட்டிப் பார்த்தார்கள். திருமூர்த்தி எதையும் பார்க்கவில்லை. முள்ளைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார். கல்லாறு தாண்டி மலை ஆரம்பிக்கிற இடத்தில் வலது கால் கெண்டைச் சதை பிடித்துக்கொண்டது. விடிகாலை ஐந்து மணியிலிருந்து குந்தியும் நின்றும் கிடந்த கால். ஓரமாக நிறுத்தினார். "எறங்குங்க" என்றார் சாந்தாமணி. "நான் ஓட்டறேன்." "இதையா? மலையிலயா?" "அப்ப வெச்சிருந்த பழைய மாருதியில இந்த ரோட்டுல சுகிர்தாவை விடவும் கூட்டிட்டு வரவும் எத்தனை தடவை போயிருப்பேன். தண்ணி பட்ட பாடுங்க எனக்கு." திருமூர்த்தி இறங்கிச் சுற்றி வந்து இடது பக்கம் உட்கார்ந்தார். ஆறு வருஷத்தில் தன் காரின் இடது சீட்டில் அவர் உட்கார்ந்ததே இல்லை. இந்தப் பக்கம் ஒரு முள்ளும் தெரியவில்லை. பாக்கு மரம் தெரிந்தது. பாறையில் ஒழுகுகிற தண்ணீர் தெரிந்தது. குட்டியைக் கட்டிக்கொண்ட குரங்கு ஒன்று சுவரில் உட்கார்ந்து இவர்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் பேன் பார்த்தது. சாந்தாமணி வளைவில் கியரைக் குறைத்தார், எஞ்சின் ஒரு ஸ்தாயி மேலே ஏறி, தயங்காமல் இழுத்தது. திருமூர்த்திக்கு எதுவும் யோசனை வரவில்லை. வரட்டும் என்று காத்திருந்தும் பார்த்தார். மலைக் காற்று முகத்தில் அடித்தது, அவ்வளவுதான்.

நாலாவது வளைவு திரும்பும்போது சாந்தாமணியின் போன் அடித்தது. சுகிர்தா என்று எழுத்து. "எடுத்துப் பேசுங்க" என்றார் சாந்தாமணி, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "நானா?" "நான் எப்படிப் பேசறது? பஸ் வருது பாருங்க எதுக்கால." அவர் எடுத்தார். காதில் வைத்தார். "அம்மா, எங்க வந்துட்டீங்க?" "அம்மா இல்லீங்க... நான் பேசறேன். திருமூர்த்தி." அந்தப் பக்கம் கரண்டியோ என்னவோ கீழே வைக்கிற சத்தம். "கல்லாறு தாண்டிட்டோம் கண்ணு" என்றார். கண்ணு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "அது என்ன சத்தம்?" "காருதான்." "நெசமாலும் அதுலதான் வர்றீங்களா? அம்மாகிட்ட குடுங்க." "அம்மாதான் ஓட்டுறாங்க." அந்தப் பக்கம் மூக்கால் ஒரு சத்தம், அடக்கி அடக்கி முடியாமல், பெரிய சிரிப்பாக உடைந்தது. "அந்தக் காரையா! எங்கம்மாவா! எதையாச்சும் கெட்டியாப் பிடிச்சுக்குங்க, மலையில அம்மா யாரு பேச்சையும் கேக்காது." "பிடிச்சுட்டுத்தான் இருக்கேன்" என்றார் திருமூர்த்தி. உண்மைதான், கதவுக் கைப்பிடியை விட்டபாடில்லை. சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அடங்கியதும் அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள். "ஏனுங்க... சாம்பாருக்குக் கத்தரிக்கா அரிஞ்சு வெச்சிருக்கேன். அம்மாகிட்டக் கேக்க மறந்துட்டேன். உங்களுக்கு ஒத்துக்குமுங்களா?" கத்தரிக்காய் தின்றால் அவருக்குத் தொண்டை முழுக்க அரிக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். "ஓ, ஒத்துக்குமே! போடு கண்ணு, தாராளமாப் போடு!" என்றார். "பொய்யி!" என்று ஸ்டியரிங்கைத் திருப்பியபடியே சாந்தாமணி கத்தினார், மலை முழுக்கக் கேட்கும்படி. "அவருக்கு ஆகாது! அரிக்கும்! சும்மா சொல்றாரு, நம்பாத!" போனில் சுகிர்தா, "சரி, சரி, கேட்டுச்சு" என்றாள். "மொதல்ல நெசத்தைச் சொல்லிப் பழகுங்க. முருங்கக்கா இருக்குது, அதைப் போடறேன். மெதுவா வாங்க ரெண்டு பேரும்."